தொப்பிக்குள் இருந்த நாற்பது நாள்

குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளின் இதயத்தைப் பரிசோதிக்க நகரத்திலிருந்து வண்டி வந்திருந்தது. எங்கள் மேய்ச்சல் ஊருக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். பட்டியலில் ஆறு பெயர் எழுதியிருந்தேன். ஏழாவதாக ரௌஷான் வந்து நின்றாள், நாலு வயது மகள் பல்ஜானின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.

"இவளை ஏன்டி கூட்டிட்டு வந்தே? நிறைமாசம், மூணு கிலோ. நான்தானே அட்டையில எழுதினேன்?"

"பொய் சொல்லிட்டேன் அக்கா."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏற, கத்தித் தீர்த்தேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். குழந்தை பிறந்தது மே மாதத்தில் இல்லை, மார்ச்சில். குளிர்கால மேய்ச்சல் வீட்டில் பனி வழியை அடைத்துவிட்டது. கம்பளி நிறுக்கும் தராசில் ஒன்றே முக்கால் கிலோ. குறைமாதப் பிள்ளைக்கு எங்கள் பழைய வழக்கப்படி, கணவனின் நரித்தோல் தொப்பிக்குள் குழந்தையை வைத்து, அடுப்போரம் சாத்தியிருந்த கூடாரச் சட்டத்தின் முனையில் மாட்டி, தினம் அடுத்த முனைக்கு நகர்த்தி நாள் எண்ணியிருக்கிறார்கள். நாற்பதாம் நாள் இறக்கி, அன்றுதான் பிறந்தாள் என்று பதிந்துவிட்டார்கள். 'குறை' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம்.

"நாலு வருஷம் மறைச்சவ, இப்ப ஏன் வாயத் திறந்தே?"

"நேத்து ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடி மூச்சு வாங்கினா. நான் அவளை ஓடவே விட்டதில்ல அக்கா. கால்கயிறுகூட அறுக்கல. அறுத்தா ஓடணுமே."

நடை பழகிய குழந்தையின் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் சேர்த்துக் கட்டி, அறுத்து, ஓடவிட்டு விருந்து வைப்போம். இவர்கள் வைக்கவில்லை. கஞ்சப் பிசினாரிகள் என்று ஊரே பேசியது. நானும்தான் பேசினேன். வெட்கமாக இருந்தது.

வண்டியில் வந்த டாக்டர் பல்ஜானைப் படுக்கவைத்து, இதயம் தெரியும் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இப்படிப் பொறந்த பிள்ளைங்க சிலருக்கு இதயச் சுவர் தடிச்சிருக்கும், ரத்த அழுத்தம் கூடும். இவளுக்கும் லேசா இருக்கு. ஓட்டை எதுவும் இல்ல. வருஷா வருஷம் பாக்கணும், அவ்வளவுதான்."

"ஓடலாமா?"

"நல்லா ஓடட்டும்மா. பொத்திப் பொத்தி உக்கார வைக்காதே."

வாசலுக்கு வந்ததும் ரௌஷான் கோட்டுப் பையிலிருந்து கயிற்றை எடுத்தாள். மூன்று வருடங்களுக்கு முன்பே முறுக்கி வைத்தது. மகளின் கால்களில் கட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே அறுங்க அக்கா."

"ஐயையோ, அறுக்கறவங்க குணம்தான் பிள்ளைக்கு வரும். என் கோவம் வந்து தொலைக்கும்!"

"வரட்டும். அப்படிக் கத்தறதுக்கு எவ்வளவு தெம்பு வேணும்!"

சிரிப்பும் அழுகையுமாக, காயக்கட்டு வெட்டும் கத்தரியால் அறுத்தேன். பல்ஜான் நகரவில்லை. தன்னைப் பிடித்திருந்த கையையே பார்த்தாள். ரௌஷான் விரல்களை விட்டாள்.

பல்ஜான் வேலி வரைக்கும் ஓடினாள். தொட்டுவிட்டுத் திரும்பியும் ஓடிவந்தாள். கன்னம் சிவந்து, மூச்சு வாங்க, காலை நீட்டினாள்.

"இன்னொரு தடவ கட்டு!"

ரௌஷான் மண்டியிட்டுக் கட்டினாள்.