அலிபிரியில் பார்த்த வண்டி

அந்த அப்பாவு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நகரியில் பக்கத்து வீட்டுத் தறிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மனோரமாவிடம், "நேத்து உம் புள்ள வண்டிய அலிபிரியில பாத்தேம்மா. பின்பக்கம் நசுங்கினது நசுங்கினபடியே போய்க்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் தமிழரசு செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பலமனேர் ரோட்டில் காரை ஓரங்கட்டி, டயர் பார்க்க இறங்கியவனை லாரி அடித்துவிட்டது. வண்டிக்குப் பின்பக்கம் மட்டும்தான் போயிற்று, இன்ஜின் நன்றாகவே ஓடியது. இன்சூரன்ஸ்காரர்கள் அதை அப்படியே கட்டி இழுத்துப்போய்த் திருப்பதியில் தங்கள் ஷெட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். பூட்டி வைத்த வண்டி அலிபிரிக்கு எப்படிப் போகும்? தமிழரசு சனிக்கிழமை தவறாமல் அடிவாரத்தில், அலிபிரியில் வண்டியை விட்டுவிட்டுத் திருமலை ஏறுகிறவன். மனோரமாவுக்கு அது போதும். அன்றிலிருந்து சனிக்கிழமை சோறு ஆக்கினால் அவனுக்கும் ஒரு தட்டு.

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?" என்று அவள் புருஷன் வேதாச்சலம் கத்தினார். கத்தினாரே தவிர, சனிக்கிழமை சாயந்திரம் தெருவில் ஹார்ன் கேட்டால் முதலில் எழுந்து வாசலுக்குப் போனவர் அவர்தான்.

வண்டி ரெடி என்று போன் வந்ததும் இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். பின்பக்கம் புதிதாக மின்னியது. ஆனால் இடதுபக்கக் கதவு ஒடுங்கி, பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிற்று. வண்டியை ஒப்படைத்த அன்று வேதாச்சலம் எடுத்த போட்டோவில் அந்தக் கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

கம்பெனி அதிகாரி ஸ்ரீப்ரியா போட்டோவைப் பார்த்ததும் மழுப்பவில்லை. "எங்க பொறுப்புல இருந்தப்போ ஆயிருக்கு சார். நாங்கதான் சரி பண்ணித் தரணும். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடுங்கோ. எடுத்துண்டு போயிட்டா அப்புறம் யாரும் பதில் சொல்ல மாட்டா. யார் ஓட்டினான்னு நாங்க விசாரிக்கறோம்."

"விசாரிக்க வேணாம்" என்றாள் மனோரமா. "ஓட்டினது யாருன்னு எனக்குத் தெரியும். கதவு இப்படியே இருக்கட்டும். நீ எழுதாதய்யா, சொல்லிட்டேன்."

வேதாச்சலம் பேனாவோடு நின்றார். எழுதினால், பிள்ளையை அவளிடமிருந்து இன்னொரு தரம் பிடுங்கியதாகும். எழுதாவிட்டால், ஆயுசு முழுக்க அவள் தட்டு வைப்பாள். ஒன்றும் ஓடாமல், இன்ஜினைப் பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார். தமிழரசு ஆறடிக்கு மேல். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் ஓட்டுவான். குள்ளமான வேதாச்சலத்துக்கு பிரேக் எட்டவே எட்டாது. ஒவ்வொரு தரமும் திட்டிக்கொண்டேதான் சீட்டை முன்னால் இழுப்பார். "நீ வளராம போனதுக்கு நான் இன்னா பண்றது நைனா?" என்பான் பயல். இன்றைக்கு இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதம் இரண்டும் வாகாகப் பதிந்தன. பாழும் மனசு, பிள்ளைதான் ஓட்டுகிறான் என்று அதுவும்தான் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறது! அவருக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

மனோரமா ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"காலு எட்டுதாய்யா?"

எட்டவில்லை என்று சொல்ல வாய் திறந்தார். அதற்குள் அவள் குனிந்து பார்த்துவிட்டாள்.

ஷெட் டிரைவர் பாபு தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனும் வேதாச்சலத்தின் உயரம்தான். யாரும் கேட்காமலே அழத் தொடங்கினான். "தப்பு ஐபோயிந்தம்மா, தப்பாயிடுச்சு. சனிக்கிழமைல ஆளுங்கள அலிபிரில எறக்கி விடறதுக்கு எடுத்தேன்."

மனோரமா அவனைத் திட்டவில்லை. கணவரிடம்தான் சொன்னாள்: "எழுது. கதவ எழுது. சீட்ட முன்னால இழுத்துட்டாங்கன்னும் எழுது."

"சீட்டுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா" என்றாள் ஸ்ரீப்ரியா.

"எம் புள்ள தள்ளி வெச்சிட்டுப் போனதும்மா அது. அவன் குந்திக்கினு இருந்த எடம்."

வேதாச்சலம் எழுதினார். ஸ்ரீப்ரியா அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கதவு பத்து நாளில் முடிந்துவிடும் என்றாள்.

அன்றைக்கும் சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து மனோரமா சோறு ஆக்கினாள். இரண்டே தட்டு வைத்துப் பரிமாறினாள். வேதாச்சலம்தான் எழுந்துபோய் மூன்றாவதை எடுத்து வந்து வைத்தார்.