பச்சை வரி

ஷாரோன் இரண்டு மடிக்கணினிகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். "கடைசியா ஒரு தடவ கேட்டுக்கிடுதேன் அக்கா. பழசுல லைசென்ஸைக் கழட்டுனாத்தான் புதுசுல ஏறும். கழட்டிரவா?" என்றாள். ஜுஹைனா தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர மனசு கேட்கவில்லை. அந்த மொழிபெயர்ப்பு மென்பொருளின் உரிமம் ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்கும். இதிலிருந்து இறங்கியது அதில் ஏறாமல் போய்விட்டால் அவள் பிழைப்பு நடுத்தெருவுக்கு வந்துவிடும். மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். உட்காரச் சொல்லி ஷாரோன் இரண்டு முறை நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். ஷாரோனின் கடை தென்காசியில் குற்றாலம் போகிற சாலையில் இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்ததால் வெளியூர் கார்கள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சாரல் விட்டுவிட்டு அடித்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு ஊர் உலகமே வந்திருந்தது. உள்ளூர்க்காரிக்குக் குளிக்கப் போக நேரம் ஏது? ஜுஹைனா இந்த சீசனில் ஒரு தடவைகூடப் போகவில்லை.

பதினோரு வருடமாக அரபியிலிருந்து தமிழுக்கு எழுதித் தருகிறாள். மதரஸாவில் ஆலிமா என்கிற மார்க்கப் படிப்பு படித்தவள், அதற்கு மேல் கல்லூரியிலும் அரபி படித்தவள். கடையநல்லூரிலிருந்து செங்கோட்டை வரைக்கும் யார் வீட்டு ஆம்பிளை கல்ஃபில் இருந்தாலும், அங்கேயிருந்து ஒரு தாள் வந்தால் அது கடைசியில் அவள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வேலை ஒப்பந்தம், ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட்டுக் கடிதம், மரணச் சான்றிதழ். எழுதி முடித்து, கடைசிப் பக்கத்தில் தன் ஊதா முத்திரையைக் குத்திக் கொடுப்பாள். ஜுஹைனா முத்திரை குத்தினால் சரியாக இருக்கும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சில் அவளுக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

மென்பொருளின் சூட்சுமம் எளிதானது. அவள் தன் கையால் மொழிபெயர்த்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதே வாக்கியம் இன்னொரு கடிதத்தில் வந்தால், பழைய தமிழைத் தானாகவே எடுத்துப் போட்டுப் பச்சை நிறம் காட்டிவிடும். அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு. முக்கால்வாசி பச்சையாகவே வரும். பச்சையை அவள் பார்ப்பதில்லை, மிச்சத்தை மட்டும் பார்ப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை மலையாகக் குவிந்தபோது ஒரு குறுக்குவழியும் கண்டுபிடித்தாள். நூற்றுக்கு நூறு ஒத்துப்போக வேண்டாம், தொண்ணூறு ஒத்துப்போனால் போதும், பச்சை போட்டுவிடு என்று அமைப்பை மாற்றினாள். யாரும் சொல்லித்தரவில்லை, அவளாகவே செய்தது. இரண்டு நாள் வேலை ஒரு நாளில் முடிந்தது. சோம்பலுக்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்துக்கொள்ள நமக்கெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ன? பிறகு அப்படி மாற்றியதையே மறந்தும் போனாள்.

உரிமம் ஏறிவிட்டது. பதினோரு வருட ஞாபகமும் ஏறிவிட்டது. ஜுஹைனா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"ஏதாவது பழைய வேலை ஒண்ணத் தொறந்து பாருங்க. எல்லாம் வந்துட்டான்னு தெரிஞ்சிரும்," என்றாள் ஷாரோன்.

கைக்கு முதலில் அகப்பட்டது போன மாதம் செய்த கடிதம். கீழப்பாவூர் சிவசைலத்தின் கடிதம். கல்ஃபில் கல் உடைக்கிற கம்பெனியில் லாரி ஓட்டியவர். அங்கேயே இறந்துபோனார். பிரேதத்தை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி, அவர் மனைவிக்கு எழுதிய கடிதம் அது. நாற்பத்தியொரு வரி. வரிசையாகப் பச்சை இறங்கிக்கொண்டே வந்து, முப்பத்திமூன்றாவது வரியில் மஞ்சளாக நின்றது.

"ஒரு வரி வரலியே ஷாரோன்," என்றாள், கொஞ்சம் கடுப்பாகவே.

ஷாரோன் குனிந்து பார்த்தாள். "வந்துருக்குக்கா. சரியா ஒத்துப் போகலன்னு சொல்லுது. இதுல நூத்துக்கு நூறு இருந்தாத்தான் பச்ச. பழசுல எத்தன வச்சிருந்தீங்க?"

தொண்ணூறுக்கு மாற்றியது அப்போதுதான் ஜுஹைனாவுக்கு ஞாபகம் வந்தது. ஒத்துப்போகாத சொல்லை மென்பொருள் சிவப்பாகக் காட்டியிருந்தது. ஒரே ஒரு சொல். ஞாபகத்தில் இருந்த பழைய வாக்கியம் வேறொரு நாட்டு ஆஸ்பத்திரியினுடையது. அதில் தொண்ணூறு நாள். இந்தக் கடிதத்தில் முப்பது நாள். எண்ணாக இருந்திருந்தால் ஓட்டமாகப் பார்த்தாலும் கண்ணில் குத்தியிருக்கும். எழுத்தால் எழுதியிருந்தார்கள்.

பிரேதத்தை ஊருக்கு அனுப்பச் சம்மதம் என்றோ, மரண காரணத்தில் ஆட்சேபணை என்றோ, கடிதத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் மனைவி நோட்டரி சான்றோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அங்கேயே அடக்கம் செய்துவிடுவோம். அதுதான் அந்த வரி. அவள் தொண்ணூறு என்று கொடுத்து, முத்திரையும் குத்தியிருக்கிறாள்.

சிவசைலத்தின் மனைவி உலகம்மை அன்றைக்கு நேரில் வந்திருந்தாள். மாரடைப்பு என்று கடிதம் சொன்னதை அவள் நம்பவில்லை. இறப்பதற்கு முதல்நாள் போனில், சூப்பர்வைசர் கை நீட்டிவிட்டான் என்று அவர் சொல்லியிருந்தார். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தாள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போவதாகவும், பதில் வந்த பிறகு பார்ப்பதாகவும் சொன்னாள். கிளம்பும்போது, "தொண்ணூறு நாளு இருக்குன்னு நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாள். "நல்லாத் தெரியும்க்கா," என்று ஜுஹைனா சொன்னாள். அதைச் சொல்லும்போது அடுத்த ஆளுடைய தாளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இன்றைக்கு இருபத்தொன்பது. நாளை வெள்ளி, அங்கே விடுமுறை. இன்றைக்கு நம் நேரம் ஐந்து மணிக்கு அந்த ஆபீசை மூடிவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால்.

"பழச அழிச்சிரவாக்கா? மிஷின நாந்தான எடுத்துக்கிடுதேன்," என்றாள் ஷாரோன்.

அதில்தான் அந்த வேலை நடந்த விவரம் முழுக்க இருந்தது. எந்தத் தேதியில், எந்த வரியை, எப்படிப் பச்சை போட்டது என்பதெல்லாம் இருந்தது. "அழிச்சிரு," என்று ஜுஹைனா சொன்னாள். சொன்ன வேகம் அவளுக்கே கேவலமாக இருந்தது. புதிய கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாரலில் நின்றபடி சிவசைலத்தின் தம்பி பேச்சிராஜுக்குப் போன் போட்டாள். நாள் குறைந்துவிட்டது, இன்றைக்கே ஏதாவது எழுதி அனுப்பியாக வேண்டும் என்றாள். ஏன் குறைந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"மைனி எங்கிட்டப் பேசியே பதினஞ்சு நாளாச்சி. கையெழுத்தப் போடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னேன், அதுக்கு அந்தக் கோவம். நீங்களே வந்து சொல்லுங்க. நான் பாவூர்சத்திரத்துல நோட்டரி வக்கீலப் புடிச்சு நிப்பாட்டி வைக்கேன். அவரு நாலு மணிக்கெல்லாம் கெளம்பிருவாரு," என்றான்.

ஸ்கூட்டரில் போகும்போதே பொய் தயாராகிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் நாளைக் குறைத்துவிட்டார்கள், இன்றைக்குத்தான் தகவல் வந்தது. அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை, வேலையும் நடந்துவிடும். அழித்த கணினியை நினைத்துக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பாவூர்சத்திரம் தாண்டும்போதுதான், தொண்ணூறு நாள் என்று முத்திரை குத்திய தாள் உலகம்மை வீட்டில் இருக்கிறதே என்பது உறைத்தது. எதை அழித்து என்ன? தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனாலும் பொய்யை விடவில்லை.

உலகம்மை மடியில் பீடித் தட்டோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். நனைந்து வந்தவளைப் பார்த்து, தலையைத் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஜுஹைனா துவட்டாமலேயே பொய்யைச் சொல்லி முடித்தாள்.

உலகம்மையின் முகம் மாறியது. அழப்போகிறாள் என்று ஜுஹைனா நினைத்தாள். அவளுக்கோ கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேம்லா! தொண்ணூறுன்னு எழுதிக் குடுத்துட்டு இப்பம் என்னத்துக்குக் கொறைக்கணும்? மனு போயிருக்குன்னு தெரிஞ்சிட்டு அவனுவளுக்கு. மூடி மறைக்கப் பாக்கானுவ." தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "ஒண்ணும் எழுத மாட்டேன். ஒரு எழுத்து எழுத மாட்டேன். அவனுவ குடுத்த தொண்ணூறு நாளுக்கு ஆதாரம் இருக்கு எங்கிட்ட."

அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். அரபிக் கடிதமும் ஜுஹைனாவின் தமிழும் ஒன்றாக இருந்தன. ஊதா முத்திரையின் மேல் விரலை வைத்து, "நாளைக்கே கலெக்டர்ட்ட கொண்டுபோயிக் காட்டுதேன். நீயும் வந்து சொல்லணும்மா. உன்ன நம்பித்தான் இருக்கேன்," என்றாள்.

பொய் இப்படித் திரும்பி வந்து வழியை மறிக்கும் என்று ஜுஹைனா நினைக்கவே இல்லை. இவள் வீம்பு பிடிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அங்கே குழி தோண்டுகிற நேரம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் தன்னைத்தான் சொல்ல வேண்டும்.

"அவங்க கொறைக்கலக்கா. கடுதாசில மொதல்லயே முப்பதுன்னுதான் இருந்துச்சு. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

உலகம்மைக்கு உடனே விளங்கவில்லை. "நீ எதுக்குத் தப்பா எழுதுத? கம்ப்யூட்டரு போட்டுட்டோ?" என்றாள். அவளாகவே ஒரு வழியைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அதில் நுழைந்து போய்விடலாம்.

"கம்ப்யூட்டருதான் போட்டுச்சு. ஆனா நான் பாக்கல. பாக்காமலே சீலக் குத்திட்டேன்."

வெளியே சாரல் வலுத்தது. உலகம்மை மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். திட்டுவாள், சாபம் விடுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜுஹைனா காத்திருந்தாள். உலகம்மை தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நான் கேட்டேம்லா, நல்லாத் தெரியுமான்னு," என்று மட்டும் சொன்னாள்.

"கேட்டீங்க."

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"இருபத்தொம்பது. நாளைக்கு அங்கன லீவு. அஞ்சு மணிக்குள்ள மெயில் போயிரணும். பாவூர்சத்திரத்துல பேச்சிராஜ் வக்கீலோட நிக்காரு. கிளம்பலாம்க்கா, வண்டில போயிருவோம்."

உலகம்மை எழுந்திருக்கவில்லை. கவரிலிருந்து அரபிக் கடிதத்தை உருவி, ஜுஹைனாவின் மடியில் வைத்தாள்.

"இதுல இன்னும் எத்தன வரி நீ பாக்காமப் போட்டது?"

ஜுஹைனா கடிதத்தை விரித்தாள். மிச்சமெல்லாம் நூற்றுக்கு நூறு பச்சைதான் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் கணினி சொன்ன உண்மை அது. அவள் கண்ணால் கண்டதல்ல. "தெரியலக்கா," என்றாள்.

"அப்பம் வாசி. மொதல்லருந்து. சம்மதம்னு எழுதணுமா, ஆட்சேபணைன்னு எழுதணுமான்னு கேட்டுட்டுச் சொல்லுதேன். இன்னொரு தடவ கண்ண மூடிக்கிட்டு நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

மணி மூன்றை நெருங்கியிருந்தது. ஜுஹைனாவின் பைக்குள் போன் அடித்தது. பேச்சிராஜாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முதல் வரியை அரபியில் ஒரு முறை வாய்க்குள் படித்து, பிறகு தமிழில் சொன்னாள். இரண்டாவது வரியையும் அப்படியே சொன்னாள். வேகமாகப் போகச் சொல்லி உடம்பு துடித்தது. உலகம்மை பக்கத்தில் நெருங்கி வந்து, தெரியாத எழுத்துகளைக் கண்ணால் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரியில், "மரணமடைந்த சிவசைலம்," என்று ஜுஹைனா படித்தாள்.

"எங்கன? எது அவரு பேரு?"

ஜுஹைனா காட்டினாள். உலகம்மை அந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தாள். புகையிலைத் தூள் ஒட்டிய விரல். வைத்தவள் எடுக்கவில்லை. அடுத்த வரியின் பாதி அவள் கைக்கு அடியில் மறைந்து கிடந்தது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. விரலை எடுங்கள் என்று சொல்ல ஜுஹைனாவுக்கு வாய் வரவில்லை.