இரவல் நெஞ்சு

தங்கச் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறை வாசலில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முப்பது பேர் நின்றார்கள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள். மரியகுழந்தை மட்டும் குளித்துவிட்டு வந்திருந்தான். அவன் கையிலிருந்த பித்தளை டோக்கன் அவனுடையது அல்ல, பக்கத்து வீட்டுக் காத்தவராயனுடையது.

"எண்ணூத்திப் பதினேழு!"

மரியகுழந்தை உள்ளே போய்ப் பலகையில் மார்பை ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றான். படம் எடுக்கிறவருக்கு நம்பர்தான் ஆள். முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காத்தவராயன் பதினெட்டு வருஷமாகச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடுகிறவன். ஒரு வருஷமாக ஓயாத இருமல். பாறைத் தூசு நெஞ்சில் படிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. படத்தில் அது தெரிந்தால் அன்றைக்கே 'அன்பிட்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் அவனுக்கு இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய பயம் மகள் சகுந்தலாவைப் பற்றியது.

அவளுக்கு ஒன்பது வயசு. விவரம் தெரிந்த நாளாக, நாலடி நடந்தால் குந்திக்கொள்வாள். உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். இதயத்தில் ஓட்டை, அங்கிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகிற குழாயும் குறுகல். போன வருஷம் வேலூரில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்து, குழாயை அகலப்படுத்தினார்கள். இரண்டு நுரையீரலுக்கும் ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று இந்த மாசக் கடைசிக்குள் பார்க்க வேண்டும். அந்தச் செலவைக் கம்பெனி ஏற்க, கம்பெனி டாக்டரின் கடிதம் வேண்டும். வேலையில் இருக்கிறவன் பிள்ளைக்குத்தான் அந்தக் கடிதம்.

நெஞ்சைத் தருகிறேன் என்று லைன் வீடுகளில் மூன்று பேர் முன்வந்தார்கள். அவர்களில் மரியகுழந்தைக்குத் தரைமட்டத்தில்தான் வேலை. சுரங்கக் குழியான ஷாப்ட்டின் வாயில் நின்று, ஆட்களை இறக்கும் கேஜின் கதவைச் சாத்தி, அது கீழே இறங்க மணியடிப்பான். சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. காத்தவராயன் மனைவி பார்வதம்மா மாப்பிள்ளை பார்ப்பதுபோல் மூன்று பேரையும் எடைபோட்டு அவனைத் தேர்ந்தெடுத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனி டாக்டர் காத்தவராயனைக் கூப்பிட்டனுப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்து மகிழ்ந்துபோனார்.

"பதினெட்டு வருஷத்தில ஒரு பொட்டுத் தூசு இல்லையேப்பா! பீடி குடிக்கிறதில்லையா?"

"இல்லீங்க சார்." இருமலை அடக்கியதில் காத்தவராயனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் அதை ஆனந்தக் கண்ணீராக எடுத்துக்கொண்டார். ஸ்டெதாஸ்கோப் மேசைமேலேயே கிடந்தது. வேலூருக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் இன்னொரு காகிதத்திலும் போட்டார். சுரங்கத்தில் ஆக ஆழமான அடி லெவலுக்கு நல்ல நுரையீரல் உள்ள ஆட்களாகக் கேட்கிறார்கள், ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே போய்விடு என்றார்.

பார்வதம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அங்க காத்தே இல்லியாமேய்யா, ஒரே அனலாமே. மாட்டேன்னு சொல்லேன்!"

"சொன்னா ஏன்னு கேப்பாங்க. திரும்பப் படம் எடுப்பாங்க. அப்ப இன்னா பண்ணுவ?"

யாரைத் திட்டுவது என்று பார்வதம்மாவுக்குத் தெரியவில்லை.

வேலூரில் சகுந்தலாவின் தொடையிலிருந்து இதயம் வரை மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்திப் படம் பிடித்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "வலது பக்கம் ரத்தம் நல்லாப் போகுது. இடது பக்கமும் பரவாயில்லை. ஆனா இவ வளர வளர அந்தக் குழாய் மறுபடி குறுகலாம். வருஷா வருஷம் கட்டாயம் காட்டணும்."

"எத்தினி வருஷத்துக்குங்க?"

"பதினெட்டு வயசு வரைக்குமாவது."

காத்தவராயன் தலையாட்டினான். இன்னும் ஒன்பது வருஷம்.

ஊர் திரும்பி, கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியதும் சகுந்தலா பிளாட்பாரத்தில் ஓடினாள். "ஓடாதடி!" என்று பழக்கதோஷத்தில் கத்திய பார்வதம்மா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசி வரை ஓடிப்போய்த் திரும்பி நின்ற மகளின் உதடு சிவப்பாகவே இருந்தது. காத்தவராயன் அதைப் பார்த்துவிட்டு, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். வயிறு குளிர்ந்தது அவனுக்கு. இதற்காக எதுவும் செய்யலாம் என்று தோன்றியது.

ஒன்றாம் தேதி காலை, ஷாப்ட் வாயில் அடி லெவல் வரிசையில் நின்றான். மரியகுழந்தை பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"என்னாலதானண்ணா இப்பிடி ஆச்சு. போய்ச் சொல்லிட்றேன், அது என் படம்னு."

"சொல்லிட்டு? ரெண்டு பேரும் வெளிய நிக்கலாம். பாப்பாவுக்குக் கடிதாசி யாரு குடுப்பா, உங்கப்பனா?"

மரியகுழந்தை கேஜ் கதவை இழுத்துத் திறந்தான்.

"அடுத்த வருஷமும் நீதான்டா நிக்கணும்," என்றான் காத்தவராயன். "நெஞ்சைப் பத்திரமா வெச்சிக்க."

ஆட்கள் கேஜுக்குள் நெருக்கியடித்து ஏறினார்கள். மரியகுழந்தை கதவைச் சாத்தினான். உள்ளே காத்தவராயன் இருமத் தொடங்கினான். கம்பியைப் பிடித்துக் குனிந்து, தோள் குலுங்க இருமினான். அது நிற்கட்டும் என்று மரியகுழந்தை மணிக் கயிற்றில் கையை வைத்தபடி காத்திருந்தான்.

"இன்னாபா, தூங்கறியா? அடி மணிய!" என்று பின்னாலிருந்து மேஸ்திரி கத்தினார்.

இருமல் நிற்கவில்லை. மரியகுழந்தை மணியடித்தான்.