படகு ஏறிய பறவை

பேருந்தில் மீதிச் சில்லறை வாங்கினால் அவள் உடனே பையில் போட மாட்டாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள்.

"என்னம்மா, கள்ளக்காசா குடுத்துட்டேன்?" என்று கண்டக்டர் முறைப்பார்.

"இல்லப்பா, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு பாக்குறேன்" என்பாள்.

பாதி உண்மைதான். அவளும் அவள் கணவரும் நாணயச்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர் அச்சுப் பொருத்துபவர். அவள் மெஷினுக்கு வில்லை போடுபவள். வில்லை என்றால் இன்னும் எதுவும் பதியாத வெறும் உலோக வட்டம். மேலே பறவை அச்சு, கீழே படகு அச்சு. நடுவே வில்லை வந்து உட்கார்ந்தால் ஒரே அடியில் காசு. சிரித்தால் சில்லறை கொட்டியது போலிருக்கும் என்பதால் அங்கே அவளுக்குச் 'சில்லறை' என்றே பெயர்.

அந்த மெஷின் இரைச்சல் அவர் காதை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பேச்சும் குறைந்துபோயிற்று. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தொட்டால், சாப்பாட்டுக்குத்தான் என்று எழுந்து வருவார். மகன் வாங்கிக் கொடுத்த காதுக்கருவி அலமாரியில் தூங்கியது. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் அவள் ஒண்டியாகத்தான் இருந்தாள். அவர் வாயைத் திறக்க வைக்க அவளுக்குத் தோன்றிய வழி ஒன்றே ஒன்று: அந்தக் காசு.

அந்தக் காசு பிறந்தபோது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் மெஷின் பக்கத்தில் நின்று, சூப்பர்வைசர் தும்முவது போல நடித்துக் காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்த நேரம், மெஷினுக்குள் வில்லை இறங்கும் குழாய் காலியாகிவிட்டது. இடையில் ஒன்றும் இல்லாமல் இரண்டு அச்சும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. எப்போதும் கேட்கும் 'தொம்' இல்லை. 'ணங்' என்றது.

பதறிப்போய் அவள் வில்லையைக் கொட்டினாள். மெஷின் அதுபாட்டுக்கு ஓடியது. ஆனால் மோதிய வேகத்தில் படகின் பாய்மரம் பறவை அச்சில் பதிந்துவிட்டிருந்தது. அதன்பின் விழுந்த காசில் எல்லாம் பறவையின் வயிற்றுக்குக் கீழே நிழல்போல ஒரு பாய்மரம். அச்சைக் கழற்றுவதற்குள் அந்தக் காசுகள் மற்றவற்றோடு கலந்து ஊருக்குள் போய்விட்டன.

"யாரோட வேலை இது?" என்று சூப்பர்வைசர் குதித்தார்.

"என் வேலைதான் சார். நான்தான் அந்தப் பொண்ணைச் சிரிக்க வச்சேன்."

"அச்சைப் பொருத்துடான்னா ஜோடியைப் பொருத்துறியா நீ?"

சூப்பர்வைசரின் வாய் முகூர்த்தம், அது பலித்தும் விட்டது.

இன்று காய்க்கடையில் கொடுத்த சில்லறையைப் புரட்டும்போது அவள் கை நின்றது. தேய்ந்த பழைய காசு. பறவை. அதன் வயிற்றுக்குக் கீழே, சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பாய்மரம். காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் உள்ளங்கையில் காசை வைத்தாள். அவர் வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்தார். முதுகு நிமிர்ந்தது.

"ணங்!" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"அன்னிக்கு வில்லை போடாம எங்கடி பாத்துட்டிருந்தே?"

"யாரோ தும்மிக் காமிச்சாங்க, அங்க!" என்று கத்தினாள்.

"என்னது?"

மறுபடி கத்தினாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார், பிடிபடவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் துழாவிக் கருவியை எடுத்துவந்து நீட்டினார். அவள் மாட்டிவிட்டாள்.

"ஐயோ, ஏன் இப்படி இரையுற? மெதுவாப் பேசு."

"நான் இன்னும் வாயே திறக்கலைங்க. அது ஃபேன்."

அவர் ஃபேனை அண்ணாந்து முறைத்தார். மூக்கைச் சுருக்கி, கண்ணை இடுக்கி, சூப்பர்வைசர் மாதிரியே ஒரு தும்மல் போட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கருவி கீச்சென்று கத்தியது. அவர் அதைக் கழற்றவில்லை.