முப்பத்தொன்றாம் மேசையில் பக்தவத்சலம்

1

இந்தக் கதை எனக்கு அதிர்ஷ்டக் குலுக்கில் விழுந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. நான் லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். போன ஆண்டு விருந்தில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். முதல் பரிசு தொலைக்காட்சி. எனக்கு மூன்றாம் பரிசு: போர்ட் கிள்ளானிலிருந்து புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் மூன்று இரவுகள், ஒருவருக்கு மட்டும்.

"ஒருத்தருக்குத்தான் டிக்கெட். சிவநேசன் அண்ணனுக்குச் சரியா வரும்லா" என்று மேனேஜர் ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். அண்ணன் பிள்ளைகளைப் படிக்கவைத்து முடித்தபோது என் கல்யாணப் பேச்சை எடுக்க யாரும் மிச்சமில்லை. ஞாயிறு இதழ்களில் பதினோரு கதைகள் எழுதியிருக்கிறேன். இது பன்னிரண்டாவது. முடிந்தால்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடல் அன்று ஒரு பெரிய துக்கத்தைப் போல

அதோடு நிறுத்திவிட்டேன். கடல் அன்று சும்மாதான் இருந்தது. அடுத்து:

யுகேந்திரன் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழரை. அவன் ஒரு

யுகேந்திரன் நான்தான். அந்தப் பெயரையும் அடித்துவிட்டேன். அந்த மூன்று நாளும் இன்னொருவர் பெயரில்தான் சாப்பிட்டேன். எழுதும்போதாவது என் பெயரில் இருக்கிறேன்.

2

கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேசை எண் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் யாரோடு சாப்பிட வேண்டும் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் தீர்மானித்திருப்பார். என் மேசை முப்பத்தொன்று. ஆறு நாற்காலிகள்.

நான் போனபோது மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டெங்கிலிலிருந்து வந்திருந்த சின்னையாவும் அவர் மனைவி இராஜம்மாவும். சின்னையா முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மகன் பிரவின் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் வந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் தாமரை. கத்தரிப்பூ நிறச் சேலை. ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷமாக, உறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. (இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. கதை சுருக்கமாக இருக்க வேண்டுமே என்று முன்னாலேயே சொல்கிறேன். முதல் பிரதியில் தாமரைக்கு நாற்பத்தைந்து வயது போட்டு, ‘அழகான' என்றும் ஒரு சொல் எழுதியிருந்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். அவருக்கு ஐம்பத்தைந்து. முகத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

"அக்கா தனியாவா வந்தீங்க?" என்று இராஜம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல. அவரு வந்துகிட்டு இருக்காரு" என்றார் தாமரை.

அந்த நேரத்தில்தான் நான் அவர் பக்கத்து நாற்காலியை இழுத்தேன். பரிமாறுபவர் பட்டியலோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், பிலிப்பீன்ஸ்காரர், சட்டையில் ரோமெல் என்று பெயர். பட்டியலில் இருந்த பெயரைப் பார்த்துத் திணறினார்.

"மிஸ்டர் பக்... பக்தா... வட்சலம்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாமரை மடியிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. யாரும் வரப்போவதில்லை என்பது அந்தக் காதிலேயே தெரிந்தது. இல்லை என்று நான் சொன்னால், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவர் சொன்னது என்ன ஆகும்?

"யெஸ்" என்றேன்.

சிவநேசன் என்ற பெயருக்கு நேராக, ஆள் வரவில்லை என்று ரோமெல் கோடு போட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை என் அறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ராத்திரி சாப்பிட வரவில்லையே, கடல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

3

கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் தாமரை சொன்னார்: "சாரி அண்ணே. வரேன்னுதான் சொன்னாரு. கப்பல் ஏறுற ஜெட்டியில கடைசி ஆள் ஏறுற வரைக்கும் நின்னு பார்த்தேன்."

"பரவால்லங்க."

"ரெண்டு வருஷமா அவரு செராஸ்ல இருக்காரு. வேற வீடு. மக வெளிநாட்டுல, பெர்த்ல இருக்கா. முப்பதாவது கல்யாண நாளுன்னு ரெண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுட்டா. இப்படியாவது பேசிக்க மாட்டோமான்னு அவளுக்கு. அவகிட்ட அப்பா வந்துட்டாருன்னு சொல்லிட்டேன்."

* இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது பிரதியில் பக்தவத்சலத்தைக் கொன்றுவிட்டேன். மாரடைப்பு. கதைக்கு அது வசதியாக இருந்தது. இறந்தவரின் பெயரில் சாப்பிடுவதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. செராஸில் நன்றாக இருக்கிற ஒருவரின் பெயரில் சாப்பிடுவதற்கு அது இல்லை. ஆனால் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். எழுத்தில் உயிர் கொடுத்து, அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்துவிட்டேன்.

"நாளைக்கு நான் மேசைய மாத்திக் கேட்டுக்கிறேன்" என்றார் தாமரை.

"நாளைக்கு மீன்னு போட்டிருக்கு. இந்த மேசையிலயே சாப்பிட்டுப் பார்ப்போம்" என்றேன்.

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று எழுத முயன்றேன். அவனுக்குள் ஏதோ ஒன்று... வேண்டாம். தெரியவில்லை.

4

இரண்டாம் நாள் தாமரை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அதே நாற்காலியில். என் நாற்காலியில் அவருடைய கைப்பை. நான் வந்ததும் எடுத்துக்கொண்டார். ஒரு பெண் எனக்காக இடம் பிடித்து வைத்தது அதுதான் முதல் தடவை என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். அது உண்மை. என்ன செய்ய.

சியாகாப் மீன் முழுதாக வந்தது. இராஜம்மாவுக்கு எங்களை விசாரிக்காமல் சாப்பாடு இறங்கவில்லை.

"அக்கா, லவ்வா, பேசிச் செஞ்சதா?"

தாமரை என்னைப் பார்த்தார். பதினோரு கதை எழுதியவன் நான்தானே.

"லிஃப்ட்ல பார்த்தேன்" என்றேன். "துங்கு அப்துல் ரஹ்மான் ரோட்டுல ஒரு துணிக்கடை. லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள இவங்க மட்டும். நாற்பது நிமிஷம் கழிச்சு நான்தான் கதவைத் திறந்தேன்."

"அழுதுட்டீங்களாக்கா?"

"அழுகை எங்க வருது. கோவம்தான் வந்துச்சு" என்றார் தாமரை, கொஞ்சமும் தயங்காமல். "கதவைத் தெறந்துட்டு ஒரு சாரிகூட சொல்லல இவரு. என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு உள்ள போயி வயரப் பார்க்க ஆரம்பிச்சிட்டாரு."

சின்னையா மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்புறம் எப்படி பாஸ் கல்யாணம் வரைக்கும் போச்சு?"

"மறுவாரமும் அதே கடைக்குப் போனேன்" என்றார் தாமரை. "துணி எடுக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. லிஃப்ட் சரியா ஓடுதான்னு பார்க்கப் போனேன்."

நான் மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். முள் எடுத்த துண்டை அவர் தட்டில் வைத்தேன். எந்த யோசனையும் இல்லாமல், பல வருஷமாகச் செய்கிறவன் போல வைத்தேன். அவரும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எங்கள் முதல் வாடகை வீடு, அதன் ஒழுகும் கூரை, நான் சமைத்துக் கருக்கிய கோழி என்று இருவரும் மாறி மாறிச் சொன்னோம். என் கற்பனையைவிட அவருடையது நேர்த்தியாக இருந்தது. நான் கூரையில் ஓட்டை போட்டால், அவர் அடியில் வாளி வைத்தார்.

(ஒரு சந்தேகம். தாமரை அவ்வளவு சரளமாகப் பேசினாரா, அல்லது இந்த இரண்டு மாதமும் நினைத்து நினைத்து நான்தான் அவரைப் பேசவைத்தேனா? மீனை வைத்தது நிச்சயம். அவர் சாப்பிட்டதும் நிச்சயம்.)

அன்று வெளியே வந்தபோது, "குட் நைட்" என்று மட்டும் சொன்னார். அண்ணே என்ற சொல் இல்லை. அறைக்கு நடந்து போகிற வழியெல்லாம், இல்லாத அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு போனேன்.

5

மூன்றாம் நாள், கடைசிச் சாப்பாடு. சூப் வந்துகொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த தாமரையின் கைபேசி ஒளிர்ந்தது. வீடியோ அழைப்பு. மகள். தாமரை எடுக்கத் தயங்கினார். இராஜம்மா தயங்கவில்லை.

"மகளா? குடுங்கக்கா, நான் பேசுறேன்" என்று பொத்தானை அழுத்தியேவிட்டார். "வணக்கம்மா, நான் டெங்கில் இராஜம்மா ஆன்டி. உங்க அம்மா அப்பாகூடத்தான் மூணு நாளா சாப்பிடுறோம். உங்க அப்பா தங்கமான மனுசன்மா. முள்ளு எடுத்துக் குடுத்துத்தான் உங்க அம்மா மீனு சாப்பிடுது."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது: "அப்பாவக் காட்டுங்க ஆன்டி."

இராஜம்மா கைபேசியை என் பக்கம் திருப்பினார்.

திரையில் முப்பதை நெருங்கும் ஒரு பெண். சமையலறை வெளிச்சம். தாமரையின் நெற்றி. அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கையில் கரண்டி இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. இப்போது அவள் ‘இவர் யார்' என்று கேட்பாள், தாமரை இந்த மேசையிலேயே பொய்க்காரியாக உட்கார்ந்திருப்பார், நான் அதற்குக் காரணமாக இருப்பேன் என்று நினைத்தேன்.

அவள் சொன்னாள்: "சாப்டீங்களாப்பா?"

கரண்டியை அப்போதுதான் கீழே வைத்தேன். "இப்பத்தான்மா சூப் வந்திருக்கு" என்றேன்.

"நல்லா சாப்பிடுங்க. அம்மாவும் சாப்பிடுறாங்களான்னு பார்த்துக்குங்க."

தாமரை கைபேசியை வாங்கிக்கொண்டு எழுந்து வெளியே போனார். பத்து நிமிஷம் கழித்து வந்தார். முகம் கழுவியிருந்தார். ஆறிப்போன சூப்பைக் கடைசிவரை குடித்தார். மேசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இராஜம்மாகூட. பெர்த்தில் இருக்கும் பிள்ளையை நினைத்து அழுதார் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

பாயசம் போல ஏதோ வந்தது. அப்போது இராஜம்மா பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். அவர்கள் மகள் விஷ்ணுப்ரியாவின் கல்யாணம், கிள்ளானில் ஒரு மண்டபத்தில். சின்னையாவிடம் பேனா வாங்கி, உறையின்மேல் நிதானமாக எழுதினார்: திரு திருமதி பக்தவத்சலம்.

"ரெண்டு பேரும் வரணும். சாக்கு சொல்லக்கூடாது."

வருகிறோம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

6

மறுநாள் காலை இறங்கும் வரிசையில் தாமரை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எம் மகளுக்கு மொத நாளே தெரியுமாம்" என்றார். "அவரே போன் பண்ணி, நான் போகலன்னு சொல்லிட்டாரு. மூணு நாளா நான் சொன்ன பொய்யெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. அப்பா டான்ஸ் பார்த்தாரு, அப்பா தொப்பி வாங்கினாருன்னு..."

"என்ன சொன்னாங்க?"

"திட்டல. அந்த அங்கிள் யாருன்னு கேட்டா."

"நீங்க?"

"லிஃப்ட் செய்றவருன்னு சொன்னேன்." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "முப்பது வருஷம் அந்த ஆளுகூட இருந்தேன். எங்க கதைய யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இருந்ததில்ல. அன்னிக்கு மேசையில அவ்வளவு இருந்துச்சு."

வெளியே அவருடைய தம்பி காருக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தார். தாமரை பையிலிருந்து பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க வெச்சிக்குங்க. எனக்குத் தேதி ஞாபகம் இருக்கும்."

இங்கே நான் அவருடைய எண்ணைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அதில் நான் நன்றாகப் பேசுகிறேன். நிஜத்தில் "பார்த்துப் போங்க" என்றேன். தம்பி அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். கார் லோரிகளுக்கு நடுவில் புகுந்து போய்விட்டது.

7

இரண்டு மாதம் ஆகிவிட்டது. இந்த இரண்டு மாதத்தில் ரவாங் பக்கம் ஒரு வேலைகூட வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கையுறைத் தொழிற்சாலை வாசலில் நின்றிருப்பேனா? மாட்டேன். ஆனாலும் தினமும் வேலைப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் இப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். கூட்டமாக இருந்தால் யாராவது எதிரே வந்து உட்காருவார்கள். "இங்க ஆள் இருக்கா பாஸ்?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி பிடிக்கிறது.

முடிவுகளைச் சொல்கிறேன். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. இருவரும் வருகிறார்கள். இராஜம்மா பூரித்துப்போகிறார். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. இதை எழுதிவிட்டு நெடுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனாலேயே நம்ப முடியவில்லை.

ஆ. தாமரை தன் நிஜக் கணவரோடு வருகிறார். இராஜம்மா குழம்புகிறார். நான் சாப்பிடாமல் திரும்பிவிடுகிறேன். இதை எழுதிய அன்று என்மேல் எனக்கே கோபமாக இருந்தது.

இ. நான் மட்டும் போய், இராஜம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் நான் யார் என்று

இதை முடிக்கவில்லை. தாமரை இல்லாத இடத்தில் அந்த உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அது பாதிக்கு மேல் அவருடையது.

இன்று சனிக்கிழமை. கல்யாணம் நாளைக் காலை. இதழின் ஆசிரியர் திங்கட்கிழமை கதை வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை கொடுத்தால் முடிவு எனக்குத் தெரிந்துவிடும். நடந்ததை அப்படியே எழுதிவிடுவேன், அல்லது பொறுக்க முடியாமல் மாற்றிவிடுவேன். அதனால் இன்றே அனுப்பிவிடுகிறேன்.

நாளை சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறுவேன். பத்து மணிக்குள் மண்டபத்துக்குப் போய்விடலாம். வாசலில் இராஜம்மா பன்னீர்ச் செம்போடு நிற்பார். என்னைக் கண்டதும் "வாங்கண்ணே" என்பார். உடனே என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் என்ன தெரிகிறது என்பதை நீங்கள் பாருங்கள். உங்களுக்கு அவரை இப்போது நன்றாகத் தெரியும். நான் பன்னீருக்குத் தலையைக் குனிந்துகொள்ளப் போகிறேன்.