கடைசிப் பக்கத்தில் எழுதியவை

நூலக வாசகர் வட்டத்தில் ஆளுக்கு ஐந்து புத்தகம் கேட்டார்கள். பிடித்தவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. நான் கூட்டத்தில் பேசுவதில்லை என்பதால் எழுதிக் கொடுக்கச் சொன்னார் உமா மகேஸ்வரி மேடம். இரண்டு வரியில் முடியவில்லை.

தலைப்புகளைத் தரவில்லை. கடைசி ஒன்றைத் தவிர இந்தப் புத்தகங்களை அக்கா முத்துசெல்வியும் நானும் படித்தோம். யார் முதலில் முடிக்கிறாளோ அவள் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கருத்து எழுத வேண்டும். மற்றவள் அதற்குக் கீழே பதில் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழக்கம். நீங்கள் கடையில் வாங்கினால் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

முதலாவது, பாம்புகளைப் பற்றியது. கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் ஈறிலும் சிறுநீரிலும் கசிவதை நான்கு பக்கத்துக்கு விவரிக்கிறது. நான் வேதியியல் முடித்து, தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். "பயமுறுத்தவில்லை. எப்படிச் சாவோம் என்று ஒழுங்காகச் சொல்கிறது" என்று எழுதினேன். அக்கா கீழே எழுதினாள்: "கல்யாணத்துக்கு முந்தின வாரம் படிக்கிற புத்தகமா இது? ஆனாலும் பிடித்தது."

மாப்பிள்ளை விஜய்பாண்டிக்கு இலஞ்சியில் வீடு. சீசன் மூன்று மாதமும் ஐந்தருவியில் பஜ்ஜி, சிப்ஸ் கடை. மற்ற மாதங்களில் லோடு ஆட்டோ. சீர்ப் பாத்திரங்களோடு அக்கா நாற்பத்து மூன்று புத்தகங்களையும் கொண்டுபோனாள். பெட்டியைத் தூக்கியவர் உள்ளே செங்கல்லா என்று கேட்டார்.

இரண்டாவது, ஒரு துப்பறியும் நாவல். சூளையில் ஒருவனை அரிவாளால் ஏழு துண்டாக வெட்டுகிறார்கள். மறுநாள் காலையில் ரத்தம் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று வருகிறது. "பத்து நிமிடத்தில் உறைந்துவிடும். மற்றபடி நல்ல கொலை" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது அக்காவின் எழுத்து கோணலாக, இடது கையால் எழுதியது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

"கதவு இடிச்சிட்டு ஏட்டி."

அத்தான் கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அக்காவுக்குக் கதவுன்னா ரொம்பப் பிரியம்" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "புதுசுல அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றாள். அப்பா, "சீசன் முடியட்டும், பேசுவோம்" என்றார். சீசன் முடிந்தது. யாரும் பேசவில்லை.

மூன்றாவது, ஒரு போர்க் கைதியின் நாட்குறிப்பு. முகாமில் அவரைத் தினமும் அடிக்கிறார்கள். அழுகையோ பெரிய வார்த்தைகளோ இல்லை. இன்று இடது காது, நாளை பாதம், அவ்வளவுதான். "அடிக்கிறவர்களுக்கும் ஒருநாள் களைப்பு வரும் என்கிறார். நம்பிக்கையான புத்தகம்" என்று எழுதினேன்.

அக்கா ஒரே வார்த்தை எழுதியிருந்தாள். "வராது."

அவள் புத்தகத்தோடு முரண்படுகிறாள் என்று நினைத்தேன்.

நான்காவது இப்போது எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, சம்பளம் வாங்குகிறவள், புருஷனிடம் இருநூற்றிருபது பக்கம் அடி வாங்குகிறாள். பெல்ட், குழவி, கடைசியில் மண்ணெண்ணெய். இரண்டே நாளில் முடித்துவிட்டு எழுதினேன்:

"நம்பும்படி இல்லை. படித்த பெண், கையில் வேலை இருக்கிறது. இவ்வளவு நாள் ஏன் இருக்கிறாள்? முதல் அத்தியாயத்திலேயே பஸ் ஏறியிருப்பாள். இப்படி ஒருத்தியைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, இரக்கம் வரவில்லை."

மே மாதம் அதை அக்காவிடம் கொடுத்தேன். ஜூலைவரை பதில் வரவில்லை. நடுவில் ஒருமுறை போனபோது அவளுடைய இடது கண்ணின் வெள்ளையில் பாதி ரத்தச் சிவப்பாக இருந்தது.

"அடுப்புல வச்ச மட்டை தெறிச்சிட்டு" என்றாள். "படிக்க முடியல ஏட்டி."

அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். "நுண்ணிய ரத்தக்குழாய் உடைஞ்சிருக்கு. ரெண்டு வாரத்துல போயிரும்" என்றேன். சரியாக இரண்டு வாரத்தில் போய்விட்டது. நான் சொன்னது பலித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்தாவது, எரிமலைகளைப் பற்றியது. வழவழப்பான தாள், நிறையப் படங்கள். அதை நான் இன்னும் படிக்கவில்லை. அக்காவே முதலில் படிக்கட்டும் என்று ஜூலை மூன்றாவது ஞாயிறு எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. ஐந்தருவிக்குப் பஸ் ஏறினேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் கூட்டம் தாங்கவில்லை, போலீஸ் விசில் நிற்கவே இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் அக்கா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அத்தான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் துண்டு, சோப்பு விற்கிற மன்சூர் அண்ணன், கடையநல்லூர்க்காரர்.

"வாங்க மேடம்" என்றார் அத்தான். "புக்கு கொண்டாந்தீங்களா? நல்லதாப் போச்சு. பேப்பர் தீரப்போவுது."

சட்டிக்கு மேலே ஒரு கம்பியில் புத்தகம் ஒன்று குத்தித் தொங்கியது. நான்காவது புத்தகம். முன்பக்கத்திலிருந்து பாதிவரை கிழித்தாகிவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்த ஒருவர் கையிலிருந்த தாளைப் படித்துக்கொண்டே பஜ்ஜி தின்றார்.

"அண்ணாச்சி, இதுல ஒருத்தி அழுதுட்டு இருக்கா. அடுத்த பக்கம் இருந்தா இன்னொரு பிளேட் கொடுங்க."

"அவ எல்லாப் பக்கத்துலயும் அழுவா அண்ணாச்சி" என்றார் அத்தான். "வீட்டுல ஒரு பெட்டி நெறைய இருந்துச்சு. இதான் மிச்சம்."

நான் எட்டிப் புத்தகத்தைக் கம்பியிலிருந்து இழுத்தேன். கடைசிப் பக்கம் இருந்தது. என் கருத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்.

"நீ எழுதியது சரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானும் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். உன்னிடம் வரலாம் என்று வைத்திருந்தேன். உனக்குக் கோபம்தான் வரும் என்று எழுதியிருக்கிறாய்."

இரண்டு தடவை படித்தேன். நாற்பத்து மூன்று புத்தகம் படித்த நான், அவள் கண்ணைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் என்று சொன்னவள்.

"அக்கா, கிளம்பு" என்றேன். சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அத்தானுக்குக் கேட்டுவிட்டது.

"எங்கன கிளம்புதா?"

"எங்க வீட்டுக்கு. இல்லேன்னா நான் ரூம் எடுக்கேன்."

"ஏட்டி, நீ போ" என்றாள் அக்கா. கத்தியைக் கீழே வைக்காமல் அப்படியே என்னைப் பார்த்தாள். என் கையில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. அவள் முகம் மாறியது. கத்தியை வைத்தாள். முந்தானையில் கை துடைத்தாள். "இல்ல, நானும் வாரேன்" என்றாள்.

சட்டியிலிருந்து எடுத்த ஜல்லிக்கரண்டியாலேயே அத்தான் அவளைத் தோளில் அடித்தார். ஜாக்கெட் துணி தோலோடு ஒட்டியது. அவள் கத்தவில்லை. பழகியவள்போல் தலையை மட்டும் ஒதுக்கினாள். அடுத்த அடி காதில் விழுந்தது. பஜ்ஜி தின்றவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். யாரோ போனைத் தூக்கினார்கள்.

"லே பாண்டி, விடுலே" என்று மன்சூர் அண்ணன் துண்டுகளைத் தாண்டி வந்தார். வயிற்றில் ஒரு மிதி வாங்கி, சோப்பு டப்பாக்களின் மேல் விழுந்தார்.

"போ. தாராளமாப் போ" என்றான் விஜய்பாண்டி. அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். "கைய மட்டும் வச்சிட்டுப் போ. இது என் கடைக்குப் பஜ்ஜி போட்ட கை."

அவன் அவளை இழுத்துச் சட்டிக்கு நேராக அந்தக் கையைக் கொண்டுவந்தான். அவள் மறுகையால் மேசையைப் பிடித்திருந்தாள். மேசை அவளோடு நகர்ந்தது. விரல்நுனிக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண்.

என் காலடியில் வாழைக்காய் ஊறுகிற வாளி இருந்தது.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். சட்டியின் அடிக்குப் போய்விடும். அங்கே நூற்றெண்பது டிகிரி. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்கு பெருகும். மேலே இருக்கிற எண்ணெய் முழுவதையும் தூக்கி எறியும். அடியில் அடுப்பு எரிகிறது. அவன் சட்டியின் மேல் குனிந்திருந்தான். அக்கா ஒரு கை தூரத்தில் இருந்தாள். அவளுக்கும் படும், அவனைவிடக் குறைவாகப் படும். இவ்வளவும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

வாளியோடு ஊற்றினேன்.

சத்தம் அருவியை அமுக்கிவிட்டது. நெருப்பு தார்ப்பாய்வரை போனது. அவன் கையை விட்டுவிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சரிந்தான். முகத்தைப் பிடித்த கையிலேயே தோல் வழன்று வந்தது. நான் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுத்துச் சேற்றில் விழுந்தேன். மன்சூர் அண்ணன் தவழ்ந்து போய் சிலிண்டரை அடைத்தார். ஈரத் துண்டுகளை அள்ளி அவன் மேல் போட்டார். விற்க வைத்திருந்த புதுத் துண்டுகள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் அவனுக்கு முகம், கழுத்து, மார்பு எல்லாம் தீக்காயம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அக்காவுக்கு முழங்கையிலிருந்து விரல்வரை கட்டு. தோளில் தனியாக ஒரு கட்டு.

அப்பா வராந்தாவில் என்னை ஓரமாக இழுத்தார். "எண்ணெய்ல தீப்பிடிச்சுது, அணைக்கலாம்னு தண்ணிய ஊத்திட்டேன்னு சொல்லு. தெரியாம ஊத்திட்டேன்னு சொல்லு. அவகிட்டயும் சொல்லிட்டேன்." நான் தலையாட்டினேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

பெண் எஸ்.ஐ. வந்து அக்காவின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "என்னம்மா நடந்துச்சு? தீப்பிடிச்சுதுன்னு உங்கப்பா சொல்லுதாரு."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"தீ பிறகுதான் பிடிச்சுது மேடம்" என்றாள். "ரெண்டு வருஷமா அடிக்காரு. விரல் கதவுல இடிக்கல, அவருதான் கதவ வச்சு நசுக்கினாரு. கண்ணுல மட்டை தெறிக்கல, அவரு முட்டியால குத்துனது. இன்னைக்குக் கைய எண்ணெய்ல முக்கப் போனாரு. என் தங்கச்சி தண்ணிய ஊத்துனா."

"தெரியாமத்தானே ஊத்துனா?"

"அத அவகிட்ட கேளுங்க மேடம். நான் இனிமே யாருக்காகவும் மாத்திச் சொல்ல மாட்டேன்."

அப்பா சுவரில் சாய்ந்தார். "பாவி, தங்கச்சிய உள்ள தள்ளுதாளே" என்றாள் அம்மா.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "என்ன படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. வேதியியல்."

"கொதிக்கிற எண்ணெய்ல தண்ணி ஊத்துனா என்ன ஆகும்னு தெரியுமா, தெரியாதா? யோசிச்சுச் சொல்லு."

அக்கா கட்டுப்போடாத கையை நீட்டவில்லை, கண்ணால் சைகை காட்டவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மேடம்" என்றேன். "அக்காவுக்கும் படும்னு தெரியும்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.