பொம்மைக்கு நைட்டி

கடைக்காரர் முப்பது வருஷமாகப் பெண்களின் உள்ளாடைதான் விற்றார். ஆனால் அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, 'அயிட்டம்' என்பார். வெள்ளை, இல்லாவிட்டால் தோல் நிறம். அதையும் பழைய பேப்பரில் சுற்றி, ஏதோ வெடிமருந்து கைமாற்றுவதுபோலத்தான் நீட்டுவார். சிவப்பு கேட்டு வந்த ஒருத்தியிடம், "குடும்பப் பொம்பளைங்க அதெல்லாம் போடுறதில்லம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில் அவருக்குப் பெருமைகூட உண்டு.

மூட்டுவலி அவரைப் படுத்த, மகள் கல்லாவில் உட்கார்ந்தாள். அந்த வாரமே கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொம்மை வந்து நின்றது. மேலேயும் கீழேயும் சிவப்பு லேஸ். வேறொன்றுமில்லை.

"என்னடி இது? மானம் போகுதே!"

"யாரு மானம்ப்பா? பொம்மையோடதா?"

தெரு ஒன்றிரண்டு நாள் முறைத்தது. அப்புறம் பால் வாங்கப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மகள் சரக்கெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கழுத்து முதல் கணுக்கால்வரை பொம்மைக்கு ஒரு நைட்டியை மாட்டிவிட்டார்.

சாயங்காலம் கடைமுன் கூட்டம்.

"உள்ள ஒண்ணுமே இல்லையாமே?" என்றார் பட்டறை மெக்கானிக்.

"அதைக் கழட்டிட்டுத்தான் இதை மாட்டினாராம்" என்றது இன்னொரு குரல்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குனிந்து நைட்டியின் ஓரத்துக்குக் கீழே எட்டிப் பார்த்தார். "கண்ணாடி கீழ விழுந்துடுச்சு..."

"மூக்குமேலதான் இருக்கு சார்."

பதறிப்போன கடைக்காரர் நைட்டியைக் கழற்ற ஓடினார். யாரோ விசிலடித்தார்கள். மகள் வந்து இறங்கியபோது, அப்பாவின் கை பொம்மையின் இடுப்பில் இருந்தது.

விஷயம் அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி சிரிக்கவில்லை.

"அந்தச் சிவப்புல என் சைஸ் இருக்குமா?"

"இந்த வயசுலயா? யாரு பாக்கப்போறா?"

"யாரும் பாக்க வேணாம். எனக்குப் போட்டுக்கணும்."

"சரி... உன் சைஸ் என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்? விக்காம மிஞ்சினதைத்தானே இத்தனை வருஷமும் கொண்டாந்து குடுத்தீங்க? மக அளந்து சொல்லட்டும்."

அவள் செருப்பை மாட்டினாள். ஊருக்கெல்லாம் கண்ணாலேயே அளவு சொல்பவர் அவள் பின்னால் போனார்.

"நானும் வரட்டா?"

"வேணாங்க" என்றாள் வாசலில் நின்று. "ஆம்பளைங்க பக்கத்துல நின்னா கூச்சமா இருக்கும்."